ஊசியைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

வணக்கம்.

ஹூஸ்டன், ஆஸ்டின், டாலஸ் பக்கமிருந்து பணம் அனுப்பியவர்கள், சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு இங்கே வந்து மேசை நாற்காலி தூக்கியவர்கள், இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து, எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட உதவியதற்கு நன்றி சொல்லி ஒரே மடலாக எழுதுகிறேன். வரவு செலவுக் கணக்கு தனியாக வந்திருக்கும். உங்களில் பாதிப்பேர் மீதிப்பேரைப் பார்த்ததே இல்லை. யார் என்ன செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: ஜே-1 விசாவில் வந்து பயிற்சி முடித்து, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு டெக்சாஸின் தென்கோடிக்கு, ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்கு வந்த குழந்தை மருத்துவர் நான். நிபந்தனை முடிந்த பிறகும் கிளம்பவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. இந்தப் பக்கம் இருப்பவர்களிலும் பெரும்பாலோர் வீட்டில் ஸ்பானிஷ்தான். நகர எல்லைக்கு வெளியே 'கொலோனியா' என்று சொல்லப்படும் குடியிருப்புகள். பல இடங்களில் இன்னும் மண் சாலைதான். மழை பெய்தால் பள்ளிப் பேருந்து உள்ளே வராது.

கருப்பை வாய்ப் புற்றுநோய் இந்த எல்லை மாவட்டங்களில் டெக்சாஸின் மற்ற பகுதிகளைவிட அதிகம். எச்.பி.வி. வைரஸால் வருவது அது. ஒன்பது வகை வைரஸைத் தடுக்கும் ஊசி 2014 இறுதியில் அனுமதி பெற்றது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 90 சதவீதத்துக்குக் காரணமான வகைகள் அதில் அடங்கிவிடும். அப்புறமும் பெண்கள் ஏன் சாகிறார்கள் என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டீர்கள். "விழிப்புணர்வு இல்லை" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். எனக்கு அதில் பாதி நம்பிக்கைகூடக் கிடையாது. மெக்சிகோவில் 2012 முதல் பள்ளிச் சிறுமிகளுக்கு நாடு முழுக்க இந்த ஊசி போடுகிறார்கள். அங்கே அக்கா மகளுக்குப் போட்டுவிட்டார்கள் என்று என்னிடமே சொன்ன தாய்மார் உண்டு. ஊசி வேண்டாம் என்றவர்கள் கொஞ்சம்தான். கார் இல்லை, லீவு எடுத்தால் அன்றைய கூலி போச்சு, கிளினிக் மாலை நாலரைக்கே பூட்டிவிடும் என்றவர்கள்தான் அதிகம்.

ஆகவே முதல் நன்றி பள்ளிக்கு. ஊசியைப் பள்ளிக்கே கொண்டுபோகலாம் என்பது நான் கண்டுபிடித்ததல்ல. கால்வெஸ்டனில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கிளைக்காரர்கள், பக்கத்து ஸ்டார் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ரியோ கிராண்டே சிட்டி நடுநிலைப் பள்ளிகளில் அதைச் செய்து காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் நாங்களும் துணிந்தோம். டெக்சாஸில் ஏழாம் வகுப்பில் சேர டெட்டனஸ் ஊசியும் மூளைக்காய்ச்சல் ஊசியும் கட்டாயம். எச்.பி.வி. கட்டாயமில்லை. (2007-ல் ஆளுநர் ரிக் பெரி கட்டாயமாக்கி ஆணை போட்டார். சில மாதங்களிலேயே சட்டமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அந்தச் சண்டையின் கசப்பு இன்னும் முழுக்கப் போகவில்லை.) எங்கள் பள்ளி நர்ஸ் அம்மா செய்தது ஒன்றே ஒன்று. மூன்று ஊசியையும் ஒரே தாளில், ஒன்றின் கீழ் ஒன்றாக, ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து, ஆகஸ்ட் மாதச் சேர்க்கை மேசையிலேயே வைத்துவிட்டார். தனிக் கூட்டம், தனித் துண்டுப் பிரசுரம் எதுவும் கிடையாது. என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி அந்தத் தாள்தான்.

மீதிப் பாதி புரோமோதோராக்கள். அதே கொலோனியாவில் குடியிருந்து, பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய் உடல்நலம் பேசும் பெண்கள். அவர்களில் மூத்தவரோடு ஒரு மாலை நடந்தேன். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் படிவங்கள், இரண்டு பேனா, நாய்களுக்குப் போட ரொட்டித் துண்டு. எந்த வீட்டிலும் ஊசி என்று ஆரம்பிக்கவில்லை. தண்ணீர் பில், முழங்கால் வலி, மருமகள் பிரசவம் எல்லாம் விசாரித்த பிறகுதான் உறை திறந்தது. ஒரு பாட்டி, "பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு இந்த ஊசி எதற்கு? ஊர் என்ன பேசும்?" என்றார். "உங்கள் பேத்திக்குக் காதலன் இருக்கிறானா என்று கேட்க நான் வரவில்லை, தாயே. என் தங்கைக்கு வந்தது அவளுக்கு வரவேண்டாம் என்றுதான் வந்தேன்" என்றார் இவர். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய்ப் பேத்தியின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார், கையெழுத்துப் போட. நான் மருத்துவக் கல்லூரியில் படித்த எதுவும் அந்தத் திண்ணையில் உதவியிருக்காது.

இன்னொரு வேலையும் அவர்களுடையதே. 2016-ல் விதி மாறி, 15 வயதுக்கு முன் தொடங்கினால் மூன்றுக்குப் பதில் இரண்டு டோஸ் போதும் என்றானது. இடையில் ஆறு முதல் பன்னிரண்டு மாதம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வசந்த காலத்தில் மிச்சிகன் பக்கம் பழம் பறிக்கப் போகும் குடும்பங்கள் இலையுதிர் காலத்தில்தான் திரும்புகின்றன. மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டிலோ, பெற்றோர் சம்மதம் தந்தால்தான் பெயர் இருக்கும். யார் எந்த ஊரில், எப்போது வருவார்கள் என்பது புரோமோதோராக்களின் கோடு போட்ட நோட்டில் இருந்தது. அந்த நோட்டை நம்பித்தான் இரண்டாம் டோஸ் நாளையே குறித்தோம்.

பையன்களைக் கொண்டுவந்தவர் கால்பந்துப் பயிற்சியாளர். "பையனுக்கு எதற்கு?" என்று கேட்ட அப்பாக்களுக்கு, தொண்டைப் புற்றுநோயும் இதே வைரஸால் வரும், அது ஆண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது என்று நான் சொன்னது எவ்வளவு ஏறியதோ தெரியாது. அவர் தன் சட்டைக் கையை மடித்து, எல்லோர் முன்னாலும் தனக்கு ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டார். உடனே பையன்கள் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். ஊசி போட்டதும் 15 நிமிடம் உட்காரவைப்பது மயக்கம் வந்தால் பிடிக்கத்தான். உள்ளதைச் சொன்னால், அதற்கு வேலை வைத்தவர்களில் முக்கால்வாசி அந்தப் பெரிய பையன்கள்தான். சிறுமிகள் ஜூஸ் டப்பாவோடு போய்விட்டார்கள்.

இனி உங்கள் பணம். மருந்துக்கு அதில் ஒரு டாலர்கூடப் போகவில்லை. 1989 முதல் 91 வரை அமெரிக்காவில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் செத்த பிறகு கொண்டுவந்த திட்டம் ஒன்று உண்டு. அதன்படி காப்பீடே இல்லாத பிள்ளைகளுக்கும், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 1994 முதல் அரசு ஊசி மருந்தை இலவசமாகத் தருகிறது. வெளியில் வாங்கினால் ஒரு டோஸ் 250 டாலருக்கு மேல். ஆனால் ஊசி போடும் கூலி என்று ஒரு சிறு தொகை கேட்கலாம். கொடுக்க முடியாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி. அந்த விதி தெரியாமல், கேட்கக் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுபவர்கள் உண்டு. அந்தக் கூலியை உங்கள் பணம் கட்டியது. புரோமோதோராக்களின் பெட்ரோல், போன் ரீசார்ஜ், படிவ அச்சு, மருந்துப் பெட்டிக்குள் வெப்பம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று பதிவு செய்யும் கருவி எல்லாம் அதில்தான். செப்டம்பர் வெயிலில், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஏசி நின்றபோது அந்தக் கருவி இல்லாமல் இருந்திருந்தால் அன்றைய மருந்து முழுவதையும் சந்தேகத்தில் கொட்டியிருப்போம்.

ஏன் முன்கூட்டியே தடுக்க இவ்வளவு பாடு என்றால், இங்கே நோய் வந்தபின் கதை வேறு. எங்கள் ஹிடால்கோ கவுண்டிக்கென்று பொது மருத்துவமனை கிடையாது. சுகாதார மாவட்டம் அமைத்து வரி வசூலிக்கலாமா என்று 2014-லும் 2016-லும் வாக்கெடுப்பு நடந்து, இரண்டு முறையும் தோற்றது. வடக்கே பெரிய மருத்துவமனைக்குப் போகலாம் என்றால் வழியில் ஃபால்ஃபூரியாஸில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி. இந்நாட்டில் தங்க அனுமதித் தாள் இல்லாத அம்மா அதைத் தாண்ட முடியாது.

மீதமிருக்கும் தொகையை இரண்டாம் டோஸ் நாளுக்கு வைத்திருக்கிறேன். அன்றைக்கு வர நினைப்பவர்கள் ஸ்பானிஷ் தெரியவில்லையே என்று கவலைப்படவேண்டாம். ஜூஸ் கொடுக்கவும் கடிகாரம் பார்க்கவும் ஆள் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குத் தமாலே (சோள மாவுக் கொழுக்கட்டை மாதிரி) செய்து தருவதாகப் பாட்டிகள் சொல்லியிருக்கிறார்கள். அசைவம் சாப்பிடாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். பீன்ஸ் வைத்தாலும் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது இங்கே வழக்கம்.

அன்புடன்,
பள்ளத்தாக்கிலிருந்து உங்கள் குழந்தை மருத்துவர்