பாட்டியின் வளையலை உருக்குவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

பாட்டியின் இரண்டு வளையல்களையும் உருக்கி, வேலையிலும் கழற்றாமல் போட்டுக்கொள்ள 18 காரட்டில் ஒரு வெள்ளைத் தங்க மோதிரம் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். சிங்கப்பூர் தேக்காவில் முப்பது ஆண்டுகள் நகைப் பட்டறையில் உட்கார்ந்தவன் என்பதால், இதற்குத் தொலைபேசியில் ஒற்றை வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

18 காரட் மட்டமான தங்கம் என்று உன் அம்மா வருத்தப்படுகிறாள். அது சரியல்ல. 24 காரட் என்று சொல்லும் 999 தங்கம் மிக மென்மையானது. அதில் மோதிரம் செய்தால் சில மாதங்களில் வளைந்து, கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் தளர்ந்துவிடும். அதனால்தான் செம்பும் வெள்ளியும் சேர்க்கிறோம். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் இருந்தால் 22 காரட், 750 இருந்தால் 18. தினமும் உழைக்கிற கைக்கு 750தான் ஏற்றது என்பது என் தீர்மானமான கருத்து. வெள்ளியிலும் இதே காரணத்துக்காகத்தான் 925 என்ற அளவு வந்தது.

வெள்ளைத் தங்கத்தில் நீ கவனிக்க வேண்டியது வேறு. அதன் பளீரென்ற வெண்மை பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தின் நிறம். கை கழுவக் கழுவ அது தேய்ந்து, உள்ளே இருக்கும் இளமஞ்சள் தெரியவரும், மறுபடி பூச வேண்டும். தங்கத்தை வெளுக்கச் செய்ய நிக்கலையோ பல்லேடியத்தையோ கலப்பார்கள். ஏழு வயதில் மலிவான தோடு போட்டு உன் காது மடல் சிவந்து நீர் வடிந்தது எனக்கு மறக்கவில்லை. அது நிக்கல் ஒவ்வாமை. ஆகவே பல்லேடியம் சேர்த்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்.

வளையல்களுக்கு வருகிறேன். பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது கையில் போட்டிருந்தவை அவை. முத்திரை எதுவும் கிடையாது. நேற்று அவற்றை உரைகல்லில் உரசிப் பார்த்தேன். உடல்பகுதியின் கோடு அமிலம் பட்டும் மஞ்சளாகவே நின்றது, அது நல்ல தங்கம். பூட்டுக்குப் பக்கத்தில் உரசிய கோடோ பச்சை கட்டி மங்கிவிட்டது. அந்தக் காலத்தில் பொடி வைத்து ஊதிய பற்றில், அதாவது இணைப்பை ஒட்டவைக்கும் கலவையில், செம்பு அதிகம். இதனால்தான் உன் அம்மாவின் பழைய சங்கிலியை ஒரு கடையில் விற்றபோது ஏமாந்தேன்: பற்று வைத்த ஓரிடத்தை மட்டும் உரசிவிட்டு முழு எடைக்கும் குறைந்த மாற்று, அதாவது குறைந்த தரம், போட்டார்கள், உருக்கிப் பார்க்கச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. இப்போதுள்ள எக்ஸ்ரே கருவியும் மேல்பரப்பை மட்டுமே படிக்கும். முழுத் தரம் வேண்டுமென்றால் உருக்கி, மாதிரி எடுத்துப் புடமிட்டு, அதாவது நெருப்பில் சுத்தமாக்கி, எவ்வளவு தங்கம் மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது கணக்கு. 6 கிராம் எடையில் 18 காரட் மோதிரத்துக்குச் சுத்தத் தங்கம் 4.5 கிராம் போதும். வளையல் ஒவ்வொன்றும் இரண்டு பவுன், அதாவது 16 கிராம். 22 காரட் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் உருக்கினால் அந்த மோதிரத்துக்கு வேண்டியதைப் போல ஆறு மடங்குக்கு மேல் தங்கம் இருக்கும். அலமாரியில் அறுந்து கிடக்கிற உன் சின்ன வயதுச் சங்கிலி 6 கிராம், 916 முத்திரை போட்டது. அதில் 5.5 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. செம்பு கலந்த பழைய தங்கத்தை அப்படியே சேர்த்தால் வெள்ளைத் தங்கத்தின் நிறம் கெடும் என்பதால் முதலில் சுத்திகரிக்கக் கொடுக்க வேண்டும். அதில் கொஞ்சம் சேதாரம் போனாலும் மோதிரத்துக்குப் போதும்.

வளையல்கள் அப்படியே இருக்கட்டும், அம்மா. பூட்டை மட்டும் நல்ல பற்று வைத்து நானே சரிசெய்து தருகிறேன். உன் விரல் அளவை ஒரு நூலில் சுற்றிக் குறித்து அனுப்பு. மெல்பர்ன் குளிரில் காலையில் விரல் சுருங்கியிருக்கும், ஆதலால் மாலையில் கை சூடாக இருக்கும்போது எடு.

அன்புடன்,
அப்பா