பாபாவின் நாற்பதாம் நாளுக்கு எழுதுகிறாய் என்றால்

அன்பு மகளுக்கு,

உன் அவரின் உக்ரேனிய அப்பம்மா பாபா இறந்த நாற்பதாம் நாளில் வாசிக்கவென்று நீ எழுதி அனுப்பிய இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். எழுத்து வடிவாகத்தான் இருக்கு. ஆனால் அதில் பாபாவைக் காணவில்லை. தூசுப் புயல், வறுமை, ஓயாத உழைப்பு, எல்லாரிலும் அன்பு: கனடாவின் பிரெய்ரிச் சமவெளியில் பிறந்து தொண்ணூறைத் தாண்டிய எந்த அப்பம்மாவுக்கும் அதை வாசிக்கலாம். சொந்தப் பேத்தி பிழை விட்டால் சனம் சிரித்துவிட்டுப் போகும். பேரனைக் கட்டி வந்தவள் பிழை விட்டால் அதைத்தான் கதைப்பார்கள். இன்னும் மூன்று கிழமை இருக்கு, திருத்தலாம்.

முதலில் காணி. ‘யோர்க்டனுக்குக் கிட்ட ஒரு பண்ணை’ என்று எழுதியிருக்கிறாய். சஸ்காச்சுவான் மாகாணத்தில் காணிக்கு எண்ணால் முகவரி உண்டு. ‘வடகிழக்குக் கால், 14-27-5, மேற்கு 2’ என்கிற மாதிரி இருக்கும். மாமாவின் காணி வரிக் கடிதத்திலேயே பார்க்கலாம். 14 என்பது ஒரு சதுர மைல் துண்டு, 640 ஏக்கர். கால் என்றால் அதில் 160. 27 அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே எண்ணி வருவது, 5 என்பது நில அளவைக்கு வைத்த ஒரு நெடுங்கோட்டிலிருந்து மேற்கே எண்ணி வருவது. கடைசியில் உள்ள ‘மேற்கு 2’ஐ, அதாவது இரண்டாம் நெடுங்கோட்டுக்கு மேற்கு என்பதை, விட்டுவிடாதே. அதே 14-27-5 மூன்றாம் நெடுங்கோட்டுக்கு மேற்கிலும் இருக்கு, நாலாவதுக்கு மேற்கிலும் இருக்கு. வேறு யாருடைய வயலிலோ போய் நிற்பாய்.

துண்டு எண் இரட்டையா ஒற்றையா என்றும் பார். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து டொலர் கட்டி, மூன்று வருடம், வருடத்துக்கு ஆறு மாதம் இருந்து, வீடு கட்டி நிலத்தை உழுது உடைத்தால் 160 ஏக்கர் சொந்தம். அப்படிக் கொடுத்தது பெரும்பாலும் இரட்டை எண் துண்டுகளை. ஒற்றை எண்கள் பெரும்பாலும் ரயில் கம்பனிகளுக்குப் போனவை, அவர்களிடம் காசுக்கு வாங்க வேணும். 1908க்குப் பிறகு இதுவும் மாறியது. ஆகவே ஒற்றை எண் என்றால் ‘அரசு கொடுத்த காணி’ என்று எழுத முதல் விசாரி. மாகாண ஆவணக் காப்பகத்தில் அந்தக் கோப்புகள் இருக்கு, காணி எண்ணைச் சொல்லித் தேடலாம். காணி உறுதிப் பத்திரம் கேட்டுச் சத்தியம் செய்து கொடுத்த தாள்தான் அதில் தங்கம்: எந்த வருடம் எத்தனை ஏக்கர் உடைத்தது, எத்தனை மாடு, எத்தனை குதிரை, வீட்டின் நீள அகலம் எல்லாம் இருக்கும். பாபாவின் தாயின் பெயரை அதில் தேடி மினக்கெடாதே. பிள்ளைகளோடு விதவையானவள் மாதிரிக் குடும்பத்துக்குத் தலைவியாக இருந்தால் ஒழிய, பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் காணி இல்லை. தாயின் பெயர் கோயில் பதிவேட்டில்தான் கிடைக்கும்.

கோயில் பதிவேட்டில் ஒரு சிக்கல் இருக்கு. அவர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் எழுதியிருந்தால் 13 நாள் பின்னுக்கு நிற்கும். அந்த நாட்காட்டியின் டிசம்பர் 25 நத்தார் ஜனவரி 7 ஆக வருவது இதனால்தான். பாபாவின் பிறந்த நாள் இரண்டு தாளில் இரண்டு மாதிரி இருக்கு என்று நீ குழம்பினாயே, வித்தியாசம் சரியாகப் பதின்மூன்றா என்று எண்ணிப் பார். தகப்பன் பிறந்த நாடு ‘ஆஸ்திரியா’ என்று இருப்பதும் பிழையில்லை, கலீசியா அப்போது அந்தப் பேரரசுக்குள் இருந்தது. அவர்கள் உக்ரேனியர்கள். ‘ஆஸ்திரியா’ என்ற அந்த ஒரு சொல்லால்தான் முதலாம் உலகப் போரில் கனடா அவர்களை எதிரி நாட்டார் என்று பதிய வைத்தது. முகாம்களில் அடைத்த 8,579 பேரில் பெரும்பங்கு உக்ரேனியர். பழைய பெட்டிக்குள் தகப்பனின் பதிவு அட்டை கிடந்தால் அதைப்பற்றி இரண்டு வரி எழுது.

இனித் தூசுப் புயல். அதை எடுத்துவிடு. 1937 ஜூலை 5 அன்று 45 பாகை வெயில் கொளுத்திய மிடேல், யெல்லோ கிராஸ் என்கிற ஊர்கள் எல்லாம் தூசு அடித்த தெற்குப் பக்கம். அந்த வருடம் மாகாணத்தில் சராசரி ஏக்கருக்கு மூன்று புசல் கோதுமைகூட வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் யோர்க்டன் பக்கம் மரமும் குட்டையும் உள்ள நிலம், தெற்கு அளவுக்குக் காயவில்லை. அங்கே அடித்தது விலை. 1932 டிசம்பரில் வின்னிபெக் சந்தையில் புசல் 40 சதத்துக்கும் கீழே போனது, அதிலும் ரயில் கூலி கழியும். விளைந்தும் காசில்லாத வீடு அது. அடுத்தவரின் புழுதியைப் பாபாவின் தலையில் கொட்டாதே.

காசு எங்கேயிருந்து வந்தது என்று பெரிய மாமியிடம் கேள். கோதுமைக் காசு வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் கடனுக்குப் போய்விடும். கிழமைக்குக் கிழமை வந்தது கிறீம் காசும் முட்டைக் காசும், அது பெண்களின் கைக்காசு. கிறீம் பிரிக்கிற மெசின் இன்னும் கொட்டிலில் கிடக்கு என்றாயே, அதைத் திறந்து பார். உள்ளே கூம்பு மாதிரி மெல்லிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பாலைக் கறந்த சூட்டோடு ஊற்ற வேணும். ஆறின பாலில் கொழுப்பு வடிவாகப் பிரியாது, கழிவுப் பாலோடு கன்றுக்கும் பன்றிக்கும் போய்விடும். கைப்பிடியில் ஒரு மணி இருக்கும்: மெதுவாகச் சுற்றினால் அடித்துக்கொண்டே இருக்கும், வேகம் சரியானதும் சத்தம் நிற்கும். அதற்குப் பிறகுதான் பாலைத் திறந்து விடுவது. முடிந்ததும் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவி, கம்பியில் கோத்துக் காயவைத்து, அதே ஒழுங்கில் திருப்பி அடுக்க வேணும். ஒழுங்கு மாறினால் அதிரும். ஒரு நேரம் கழுவாமல் விட்டால் அடுத்த கிறீமும் புளிக்கும், வாங்குகிறவன் தரத்தைக் குறைத்துப் போடுவான். காலையும் மாலையும், நாரியில் பிள்ளையோடும். ‘ஓயாத உழைப்பு’ என்று நீ எழுதின இடத்தில் இதைப் போடு.

மற்றதெல்லாம் ஒரு பந்தி போதும். 1947 ஜனவரியில் ஆஸ்பத்திரிக் காப்புறுதி வந்தது. பிள்ளைகளில் யார் அதற்கு முன், யார் பின் என்று பார், வீட்டில் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் பிறந்ததும் அதோடு மாறியிருக்கலாம். ஊருக்கு மின்சாரம் இழுக்கும் சட்டம் 1949இல். அவர்கள் வீட்டுக்கு எந்த வருடம் வந்தது என்று கட்டாயம் கேட்டுப் போடு.

இனிக் கோலிவோ, அந்த நாளில் படைக்கிற அவித்த கோதுமை. எங்களுக்கு முப்பத்தொன்று, அவர்களுக்கு நாற்பது. படைக்கிற கோதுமையை நீ செய்வதாக ஒப்புக்கொண்டது நல்லது. கோதுமையை மச்சானிடம் வாங்கு, ஆனால் விதைக்கு வைத்ததைத் தொடாதே. விதைக் கோதுமைக்கு மருந்து பூசி, அடையாளத்துக்குச் சிவப்போ வேறு நிறமோ சாயம் போட்டிருப்பார்கள். கழுவினாலும் அது நஞ்சு. களஞ்சியத்திலிருந்து மருந்து போடாததுதான் வேணும் என்று வாய்விட்டுச் சொல்லிக் கேள்.

நாலு கப் கோதுமையைக் கல்லும் பதரும் பார்த்து, கழுவி, இரவு ஊறவிடு. காலையில் அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, பதினாறு கப் புதுத் தண்ணியில் அடி தடித்த பானையில் மெல்லிய நெருப்பில் வை. அந்த நாட்டுச் சிவப்புக் கோதுமை கடினம், மூன்று நாலு மணித்தியாலம் எடுக்கும். வற்றினால் கொதிதண்ணி மட்டும் சேர். மணி வெடித்து, பல்லில் மெத்தென்று பட வேணும். தேனை முதலே ஊற்றினால் மணி இறுகி நிற்கும். வடித்து, ஆறின பிறகு ஒரு கப் தேன், ஒரு கை முந்திரிகை வற்றல், ஒரு சிட்டிகை உப்பு. பத்துப் பன்னிரண்டு கப் வரும், ஆளுக்கு இரண்டு கரண்டி என்றால் ஐம்பது பேருக்குத் தாராளம். முதல் நாள் செய்தால் குளிர்பெட்டியில் வை, வெளியே கிடந்தால் தேனும் ஈரமும் சேர்ந்து நுரைத்துவிடும்.

இறந்தவருக்காக ‘வீச்னயா பாம்யத்’ (நித்திய நினைவு) பாடும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள், நீயும் நில். உன் பக்கத்தை அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் வாசி, கோயிலுக்குள் வேண்டாம். ஊரில் பெரியம்மாவுக்குப் படம் அனுப்பினால் கீழே ‘அவரின் அப்பம்மா’ என்று போடு. ‘பாபா’ என்று மட்டும் போட்டால் சாயிபாபா பஜனை என்று நினைத்துவிடுவா.

மச்சானுக்கு இன்றைக்கே போன் எடு. விதைப்புத் தொடங்கினால் ஆளைப் பிடிக்க ஏலாது.

அன்புடன்,
அம்மா