திரும்பி வருகிறவர்கள் கழுத்தில் தழும்பு இருக்கட்டும்

ஸ்டார் வார்ஸ், ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதைகளின் நாவல் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். எந்தப் பாத்திரம் சாகலாம், யார் மேல் கை வைக்கக்கூடாது என்று கூடிப் பேசி முடிவெடுக்கிற உங்களுக்கு வேலூர் காந்தி ரோட்டிலிருந்து எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் உங்கள் புத்தகங்களைப் படித்து நான் அழுததும் திட்டியதும் தமிழில்தான்.

எங்கள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு ரூம் கொண்ட ஒரு லாட்ஜ் நடத்தினார். கல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிற குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்கும். ரூமிலேயே ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள். மத்தியானமானால் மாடிப்படி முழுக்கக் கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிற வாசம். 2001 கோடையில் ஏழாம் நம்பர் ரூமுக்கு என் வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். அவன் அப்பாவுக்கு வைத்தியம். கையில் ‘வெக்டர் பிரைம்’.

ஆர்.ஏ. சால்வடோர் எழுதி 1999இல் நீங்கள் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் நாவல். செர்ன்பிடால் என்ற கிரகத்தின் மேல் அதன் நிலவே வந்து விழுகிறது. கதாநாயகர்களில் ஒருவரான ஹான் சோலோவின் மகன் அனகினைக் கப்பலில் ஏற்றிவிட்டு, ஹானின் உயிர்த்தோழன் சூபாக்கா மட்டும் தரையிலேயே நின்றுவிடுகிறான். அந்தப் பையன் பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் எனக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தான். இந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை என் கையில் வைத்தான். நீயே படித்துக்கொள் என்று அர்த்தம்.

பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி அவன் அப்பா தவறிவிட்டார். விடிவதற்குள் ஆம்புலன்ஸ் சென்னைக்குக் கிளம்பிவிட்டது. புத்தகம் என்னிடமே தங்கிவிட்டது. சூபாக்கா சாகிற பக்கத்தின் மூலையை அவன் மடித்து வைத்திருந்தான். அதை எத்தனை முறை திருப்பினானோ, மடிப்பு வெளுத்துப் போய் நூல் நூலாக இருந்தது.

இதற்காக சால்வடோருக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. அதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். அந்த முடிவு அவர் ஒருவர் எடுத்ததும் இல்லை; பலர் கூடி எடுத்தது. ஆனாலும் அந்தச் சாவை நீங்கள் சும்மா விட்டுவிடவில்லை. அடுத்தடுத்த புத்தகங்களில் ஹான் உடைந்துபோகிறார். பெற்ற மகனையே குற்றம் சொல்கிறார், வீட்டை விட்டு விலகுகிறார். எழவு விழுந்த வீட்டில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. அதனால்தான் கோபித்துக்கொண்டவர்களில் பலரும் அடுத்த புத்தகத்தையும் வாங்கினார்கள். நானும் காசு சேர்த்து வாங்கினேன்.

ஸ்டார் ட்ரெக்கில் கேப்டன் கேத்ரின் ஜேன்வேயை 2007இல் ‘பிஃபோர் டிஸ்ஆனர்’ நாவலில் கொன்றீர்கள். ஏழு வருஷம் வாயேஜர் கப்பலை ஓட்டி வீடு கொண்டுவந்து சேர்த்தவர் அவர். அவர் செத்தது எங்கே? வாயேஜர் கதையில் இல்லை, பிக்கார்ட் என்ற இன்னொரு கேப்டனின் வரிசையைச் சேர்ந்த ஒரு புத்தகத்தில். கூடவே இருந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் இல்லை. வாசகர்கள் ஏன் இத்தனை கொதித்தார்கள் என்று உங்களில் சிலருக்கு அன்றைக்குப் புரிந்திருக்காது. லாட்ஜ்காரர் பிள்ளைக்குப் புரியும். வெளியூரில் வந்து உயிர் விடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். செத்ததைவிட, மண்ணும் மனுஷரும் இல்லாத இடத்தில் செத்துப்போனாரே என்றுதான் அந்த வீட்டுப் பெண்கள் அரற்றுவார்கள்.

2009இல் கிர்ஸ்டன் பேயர் என்ற எழுத்தாளர் ‘ஃபுல் சர்க்கிள்’ எழுதினார். வாயேஜரில் ஜேன்வேக்கு அடுத்த நிலையில் இருந்த சகோட்டே துக்கத்தில் நிலைகுலைந்து தன் கப்பல் பொறுப்பையே இழக்கிறார். ஜேன்வேக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்த புத்தகம் என்று அதைச் சொல்வேன். வாசகர்கள் உங்களுக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2012இல் அதே பேயர் ‘தி எடர்னல் டைட்’ நாவலில் ஜேன்வேயைத் திரும்பக் கூட்டிவந்தார். சிலர் கொண்டாடினார்கள். செத்தவர் செத்தவராகவே இருந்தால்தான் கதைக்கு மரியாதை என்று சிலர் முகம் சுளித்தார்கள். நான் கொண்டாடிய கட்சி. அவர் இல்லாத காலம் மற்றவர்களை என்ன செய்தது என்பதை அந்த நாவல் அழித்துவிடவில்லை.

(2005இல் ஸ்டார் ட்ரெக்கின் ‘எண்டர்பிரைஸ்’ தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதியில் அவசரமாகக் கொல்லப்பட்ட டிரிப் டக்கர், செத்ததாக நடித்தவர்தான் என்று 2007இல் ஒரு நாவல் சொன்னது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அந்தச் சாவு முதலிலேயே மனசில் ஒட்டவில்லை.)

எங்கள் மாவட்டத்தில் குடியாத்தம் என்று ஓர் ஊர். வைகாசி முதல் நாள் அங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. புருஷன் சொல்லி, பெற்ற மகன் பரசுராமனே ரேணுகாவின் தலையை வெட்டினான். பிறகு அவனே வரம் கேட்டு உயிர் வாங்கினான். தலை ரேணுகாவுடையது, உடல் வேறொருத்தியுடையது. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு கிளம்பி, வழியெல்லாம் சூறைத்தேங்காய் சிதற, கூட்டத்தின் தலைக்குமேல் மிதந்து கோபாலபுரம் வந்து சேரும். அங்கே உடலில் பொருத்துவார்கள். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அத்தை சொன்னது: “முகத்தையே பாக்காதடா. கழுத்தப் பாரு. அந்த மாலைக்கு அடியிலதான் வெட்டு.” வருஷா வருஷம் அவள் திரும்பி வருகிறாள், வருஷா வருஷம் அந்த வெட்டோடுதான் வருகிறாள். வெட்டே விழவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம் அந்த ஊர்வலம் எதற்கு?

நீங்கள் அதைத்தான் சொன்னீர்கள். 2014 ஏப்ரல் 25 அன்று, அதுவரை வந்த ஸ்டார் வார்ஸ் நாவல்கள் எல்லாம் இனி ‘லெஜண்ட்ஸ்’, அதாவது பழங்கதைகள், புதுப் படங்களின் கதை அவற்றுக்குக் கட்டுப்படாது என்று அறிவித்தீர்கள். புதிதாகப் படம் எடுக்கிறவர்களை முந்தைய நாவல்களில் கட்டிப்போட முடியாது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. 2015 டிசம்பரில் ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படம் வந்தது. ஹானும் சூபாக்காவும் கப்பலுக்குள் நுழைந்தபோது தியேட்டரில் விசில் பறந்தது. என்னால் கைதட்ட முடியவில்லை. திரும்பி வந்திருந்தால் தட்டியிருப்பேன்; இவன் போகவே இல்லையாம். ஏழாம் நம்பர் ரூம் பையன் மடித்து வைத்த அந்தப் பக்கம் இனி எந்தக் கணக்கில் சேரும் என்றுதான் மனசு கேட்டுக்கொண்டிருந்தது.

ஸ்டார் ட்ரெக் நாவல்களுக்கும் பின்னால் அதே நிலைமை வந்தது. புதுத் தொலைக்காட்சித் தொடர்கள் வேறு கதை சொல்லிவிட்டன. அங்கே வெறும் அறிவிப்போடு விடாமல், 2021இல் ‘கோடா’ என்று மூன்று நாவல்கள் கொண்டுவந்து, இருபது வருஷக் கதைக்குக் கதைக்குள்ளேயே முடிவு எழுதினார்கள். பிரியமானவர்கள் வரிசையாகச் சாகிறார்கள், படிக்கக் கொடுமையாக இருந்தது, வாசகர்களும் இரண்டுபட்டார்கள். மூன்றாம் புத்தகத்தை மூடிவிட்டு நான் எழுந்துபோய் முகம் கழுவினேன். எங்களைக் கூப்பிட்டு வைத்து விடைகொடுத்தார்கள் என்ற நிறைவு இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது, கொல்லாதீர்கள் என்பதில்லை. ஒருவரைக் கொல்வதானால் அவர் மனுஷர்கள் நடுவில் கொல்லுங்கள். அழுவதற்குப் பக்கம் ஒதுக்குங்கள். சண்டைக் காட்சியில் பத்துப் பக்கம் குறைந்தால் ஒன்றும் ஆகாது. திருப்பிக் கொண்டுவருவதானால், போன காலம் போனதாகவே இருக்கட்டும். கடிதம் போடுகிற வாசகரை வெறி பிடித்தவர் என்று ஒதுக்காதீர்கள். மிரட்டுகிறவர் வேறு, துக்கம் கேட்கிறவர் வேறு.

இன்னொன்று. அந்தப் பழைய நாவல்களை எந்தப் பெயர் போட்டாவது அச்சில் வைத்திருங்கள். என் பிரதியின் முதுகு விட்டுவிட்டது. மூலை மடித்த அந்தத் தாள் போன மழைக்காலத்தில் தனியாகக் கழன்று வந்துவிட்டது. பழைய ரூம் ரிஜிஸ்டருக்குள் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காந்தி ரோட்டு வாசகன்,
வேலூர்.