சுன்னத்துக்கு ஒப்புதல் தருவது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆண் குழந்தைகளுக்குச் செய்யப்படும் சுன்னத்து பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, பெற்றோர் கையொப்பமிட்டுவிட்டால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்று முடிந்திருந்தது. நான் ஒரு முஸ்லிம். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்து, அந்தக் கையொப்பங்களைக் கேட்டு வாங்குவதையே அன்றாட வேலையாகச் செய்து ஓய்வு பெற்றவன். பேச்சு அந்த இடத்தில் முடிவதில்லை, அங்கேதான் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

படிவத்தை நீட்டியதும் பேனாவை வாங்குபவர் பெரும்பாலும் தகப்பனார். படிப்பதில்லை, "எங்கே போடணும்?" என்று மட்டும் கேட்பார். நாளைக் குறித்தது பாட்டியாக இருக்கும். தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நிற்பார். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் உண்டா என்று நான் கேட்டால் அவர்தான் நிமிர்ந்து பார்ப்பார். ஏனென்றால் ஹீமோபிலியா என்னும் அந்த நோய் பெரும்பாலும் தாய்வழியாகவே வருகிறது; தன் தம்பிக்கோ தாய்மாமனுக்கோ சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்காது என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கும். அவர் கையொப்பம் இல்லாத படிவத்தைப் பெற்றோர் ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது?

பெற்றோர் ஒப்புதல் மட்டும் போதுமா என்ற கேள்வியை ஜெர்மனி நீதிமன்றத்திலேயே எதிர்கொண்டது. 2010 நவம்பரில் கொலோன் நகரில், பெற்றோர் கேட்டுக்கொண்டதன் பேரில் நான்கு வயது முஸ்லிம் சிறுவனுக்கு ஒரு மருத்துவர் சுன்னத்து செய்தார். இரண்டு நாள் கழித்து இரத்தம் கசிந்ததால் தாய் அவனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக, செய்தி காவல்துறை வரை சென்று வழக்கானது. மருத்துவரின் செய்முறையில் பிழையில்லை என்று ஏற்றுக்கொண்ட மேல் நீதிமன்றம், 2012 மே 7 அன்று வழங்கிய தீர்ப்பில், மருத்துவத் தேவையில்லாமல் குழந்தையின் உடலில் நிரந்தர மாற்றம் செய்வதற்குப் பெற்றோர் ஒப்புதல் மட்டும் போதாது, அது உடற்காயமே என்று கூறியது. சட்டம் தெளிவில்லாமல் இருந்ததால் மருத்துவரைத் தண்டிக்கவில்லை. யூதர்களும் முஸ்லிம்களும் ஒரே குரலில் எதிர்த்தனர். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று 434 பேர் ஆதரவோடும் 100 பேர் எதிர்ப்போடும் புதிய சட்டம் நிறைவேறியது. மருத்துவ நெறிப்படி செய்வதாக இருந்தால், குழந்தையின் நலனுக்குக் கேடு வராத வரையில், பெற்றோர் ஒப்புதல் தரலாம் என்கிறது அச்சட்டம். பிறந்து ஆறு மாதம் வரை, தகுந்த பயிற்சி பெற்றிருந்தால், மதச் சமூகம் நியமிக்கும் மருத்துவரல்லாதவரும் செய்யலாம் என்றும் அதில் இருக்கிறது. இரத்தம் நிற்காத குழந்தையோடு நள்ளிரவில் ஓடி வந்தவர்களைப் பார்த்த எனக்கு இந்தச் சலுகையில் உடன்பாடு இல்லை.

நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்துடன், காப்பாளரின் ஒப்புதலோடு செய்யப்படுவது குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 89ஆம் பிரிவு. இங்கே 'நன்மை' என்பதற்கு என்ன பொருள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மருத்துவ நன்மை என்று அடிக்கடி சொல்லப்படுவது எச்ஐவி தடுப்பு. பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பை இது ஏறக்குறைய 60 சதவீதம் குறைக்கிறது என்ற ஆய்வு முடிவுகளை வைத்து 2007இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை செய்தது உண்மை. ஆனால் அது நோய் மிகுந்த பகுதிகளுக்கானது. அது தடுக்கும் ஆபத்தும் உடலுறவு வயதில்தான் வரும், தொட்டிலில் வராது. கைக்குழந்தைப் பருவத்துக்கே உரிய பலன் என்றால் சிறுநீர்த் தொற்று குறைவதுதான். அந்தத் தொற்றும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே வருகிறது. நன்மைகள் ஆபத்துகளைவிட அதிகம் என்று 2012இல் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும், பிறக்கும் எல்லா ஆண் குழந்தைகளுக்கும் செய்யுங்கள் என்று பரிந்துரைக்கவில்லை. பிறந்த குழந்தைக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயல்பு என்பதைக்கூட அறியாமல், அதை நோய் என்று நினைத்துப் பயந்து வருபவர்கள் நம் ஊரில் ஏராளம்.

ஆகவே பெரும்பாலோருக்கு இது மருத்துவம் அல்ல, மார்க்கம். அதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் மார்க்கமே அவசரப்படுத்துகிறதா? இஸ்லாமியச் சட்ட மரபுகளில் (மத்ஹப்) ஒன்றான ஷாஃபி மத்ஹபில் இது கடமை. ஹனஃபி மத்ஹபில் இது நபிவழி என்ற பொருளில் சுன்னத்து மட்டுமே, கடமையன்று. ஏழாம் நாளில் செய்வதைச் சிறப்பாகக் கருதும் ஷாஃபி அறிஞர்களும், அது ஒருவன்மேல் கடமையாவது பருவம் எய்தும்போதுதான் என்கிறார்கள். காத்திருக்க நமக்கு இடம் இருக்கிறது. யூதர்களுக்கு எட்டாம் நாள் என்று வேதமே குறித்துவிட்டதால் அந்த இடம் குறைவு. அவர்களும்கூட நோயுற்ற குழந்தைக்குத் தள்ளிவைக்கிறார்கள். ஒரு தாயின் இரண்டு பிள்ளைகள் இதனால் இறந்துபோனால் மூன்றாவது பிள்ளைக்குச் செய்யக்கூடாது என்று யூதர்களின் சமய நூலான தல்மூத் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. தாயின் குடும்ப வரலாற்றைக் கேட்கும் பழக்கம் மருத்துவமனையில் தொடங்கியதன்று.

எனக்கு ஏழு வயதில், மார்க்கக் கல்யாணம் என்று நாங்கள் சொல்லும் சுன்னத்து நடந்தது. மாலை போட்டு, புதுக் கைலி கட்டி, கவிழ்த்துப் போட்ட உரலில் உட்காரவைத்தார்கள். தாய்மாமா பின்னாலிருந்து தொடைகளைப் பிடித்துக்கொண்டு, "மேலே பார், குருவி பறக்குது" என்றார். பார்த்தேன். குருவி இல்லை. அதன்பின் ஒரு வாரம், துணி புண்ணில் படாதிருக்க உத்திரத்திலிருந்து கயிறு கட்டிக் கைலியைத் தூக்கிவைத்திருந்தார்கள். வலி மறந்துவிட்டது, குருவி மறக்கவில்லை. இப்போது கைக்குழந்தையாக இருக்கும்போதே செய்துவிடுவதற்குச் சொல்லப்படும் காரணம், அப்போது அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது. சின்ன வயதில் புண் விரைவில் ஆறும், வளர்ந்த பிள்ளைக்குப் பயமும் சிக்கலும் கூடுதல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'தெரியாது' என்பதும் இன்னொரு குருவிதான்.

தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தடை செய்தால் இது கொல்லைப்புறத்துக்குப் போகும். கத்தி மட்டும் மாறாது. மருத்துவரே செய்ய வேண்டும், மரத்துப்போகும் மருந்து கொடுக்க வேண்டும், பேசத் தெரிந்த பிள்ளையிடம் என்ன செய்யப்போகிறோம் என்பதை உள்ளபடி சொல்லி, அவன் வேண்டாம் என்றால் அன்றைக்கு நிறுத்த வேண்டும். பெற்றோருக்குள் கருத்து வேறுபட்டால் நீதிமன்றத்தைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. நம் சுகாதாரத் துறை அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இந்த அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் தாய்க்கும் தனியாக ஒரு கையொப்ப வரியும், அதற்கு மேலே இரத்தம் உறையாமை பற்றிய கேள்வியும் கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். கதவோரம் நிற்பவரை உள்ளே அழைத்து உட்காரவைக்கச் செவிலியருக்கு அது ஒரு காரணமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருநெல்வேலி