டஞ்சன் மாஸ்டர்களே, கதவுக்கு வெளியேயும் நேரத்தை எண்ணுங்கள்

ஆட்டம் நடத்தும் டஞ்சன் மாஸ்டர்களுக்கு வணக்கம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், மூடிய கதவைக் கண்டதுமே ஆட்டக்காரர்கள் மந்திரங்களை அடுக்கத் தொடங்குகிறார்கள். நீங்கள் பொறுமையிழந்து "இனிஷியேட்டிவ் உருட்டுங்க" என்று சண்டை வரிசைக்கான பகடையைக் கேட்டு வெட்டிவிடுகிறீர்கள். இரண்டுமே ஆட்டத்தைக் கெடுக்கின்றன. ஆயத்தத்துக்குத் தடை போடாதீர்கள். அதற்கான விலையை வாங்குங்கள்.

கூட்டாளிகளின் தாக்குதலுக்கு வலுவூட்டும் பிளெஸ் மந்திரம் நிற்பது ஒரு நிமிடம். 6 நொடி வீதம் 10 ரவுண்டு, அதாவது சண்டைச் சுற்று. க்ளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பாத்திரம்) அதைப் போட்டபின் ரோக் (திருட்டுக் கலை தெரிந்த பாத்திரம்) பூட்டைத் திறக்க ஒரு ரவுண்டு, முதல் முறை தவறினால் இன்னொன்று, கதவைத் தள்ளி நுழைய மற்றொன்று. ஆறேழு ரவுண்டு மிஞ்சும். பெரும்பாலான சண்டைக்கு அது தாராளம். ஆகவே நேரம் மட்டும் விலையாகாது, சத்தமும் வேண்டும். பிளெஸ்ஸை வாய்விட்டுத்தான் சொல்ல முடியும். மெல்லிய பலகைக் கதவென்றால் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும். அவர்களுக்கும் அதே ரவுண்டுகளைக் கொடுங்கள்: மேசையைக் கவிழ்த்து மறைவு அமைப்பார்கள், குறுக்குவில்லில் அம்பு பூட்டுவார்கள், ஒருவன் பின்வாசலால் ஓடுவான். 60 அடி பின்னால் போய் ஓதிவிட்டு வருகிறோம் என்றால் நல்ல யோசனைதான்; திரும்பி நடக்க 2 ரவுண்டைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நழுவும் இடம் கான்சன்ட்ரேஷன், அதாவது சில மந்திரங்களை நிலைநிறுத்தத் தேவைப்படும் மன ஒருமை; ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்துக்கே அது கிடைக்கும். ஷீல்ட் ஆஃப் ஃபெய்த் என்ற காப்பு மந்திரம் போனஸ் ஆக்‌ஷன் (அதே முறையில் கூடுதலாகச் செய்யும் சிறு செயல்) என்பதால் பிளெஸ்ஸோடு சேர்ந்து நிற்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். நிற்காது. இரண்டுக்கும் கான்சன்ட்ரேஷன் தேவை. அதே க்ளெரிக் இரண்டாவதைத் தொடங்கிய கணமே முதலாவது விழும். வேகத்தைக் கூட்டும் ஹேஸ்ட் மந்திரம் இன்னும் மோசம். முன்கூட்டியே போட்டு நடுச்சண்டையில் அது முடிந்தால், அதைப் பெற்றவர் தன் அடுத்த முறை முடியும்வரை நகரவும் முடியாது, எதுவும் செய்யவும் முடியாது. இதை மந்திரம் போடும்போதே நினைவூட்டிவிடுங்கள். அப்புறம் சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

நீண்ட மந்திரங்களுக்கு ஒரு கட்டம் போட்ட தாள் போதும். ஒரு கட்டம் 10 நிமிடம், வரிசைக்கு ஆறு கட்டம். ஓர் அறையை அலசித் தேடினால் ஒன்றை அடியுங்கள். மந்திரத்தை ரிச்சுவலாக, அதாவது நிதானமான சடங்காக ஓதினால் வழக்கமான நேரத்தோடு 10 நிமிடம் கூடும் என்பதால் அதற்கும் ஒன்று. ஒரு மணி நேர ஓய்வான ஷார்ட் ரெஸ்ட்டுக்கு ஒரு வரிசை முழுதும். மந்திரம் போட்டதுமே அது முடியும் கட்டத்தில் பென்சிலால் பெயரை எழுதுங்கள். காலை 6 மணிக்குப் போட்ட மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் 8 மணி நேரம் தாங்கி, பிற்பகல் 2 மணிக்கு விழும். அன்று இரண்டு ஷார்ட் ரெஸ்ட் எடுத்திருந்தால் அதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே கழிந்திருக்கும்.

தாளை மேசை நடுவில் வையுங்கள், உங்கள் குறிப்புகளை மறைக்கும் திரைக்குப் பின்னால் அல்ல. "பிளெஸ் முடிஞ்சிருக்கும்" என்று நீங்கள் குத்துமதிப்பாகச் சொல்லும்போதுதான் ஆட்டக்காரர்களுக்கு மனம் கசக்கிறது. கட்டம் கண்ணெதிரே நிரம்பினால், இன்னொரு அறையைத் தேடலாமா, ஓய்வெடுக்காமல் கீழே இறங்கலாமா என்று அவர்களே பேசி முடிவெடுப்பார்கள்.