கோவையில் ஓர் இந்திய ஆட்டம்: அளந்தும் வாதாடியும் உதவிய எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கமுங்க.

இந்தியக் கால்பந்து அணி ஏன் இப்படித் தடுமாறுகிறது? கோவை நேரு ஸ்டேடியத்தில் அந்த அணி ஒரு சர்வதேச ஆட்டம் ஆட என்னென்ன வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளை வைத்துக் கூட்டிய ஞாயிற்றுக்கிழமைக் கலந்துரையாடல் நல்லபடியாக நடந்து முடிந்தது. போத்தனூர், உக்கடம், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோத்தகிரி என்று பல பக்கமிருந்தும் வந்தீர்கள். கோஷம் போட்டுவிட்டுப் போகாமல், கையில் டேப்பும் மீட்டரும் கணக்கு நோட்டும் கொண்டுவந்தீர்கள். அவரவர் கொடுத்ததை நாலு பேருக்குப் பயன்படும்படி எழுதி வைப்பதே சரியான நன்றி என்று நினைக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் செய்யும் தொழிலைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி புல்லும் மண்ணும் பார்க்கும் மைதானப் பராமரிப்பு அண்ணன்களுக்கு. பச்சையாகத் தெரிந்தால் நல்ல மைதானம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களைப் பயிற்சி மைதானம் ஒன்றுக்குக் கூட்டிப்போய், மண்ணில் ஒரு நீளத் திருப்புளியைக் கையால் அழுத்திக் காட்டினார்கள். பத்து சென்டிமீட்டர் சிரமமில்லாமல் இறங்கினால் வேருக்கு மூச்சு இருக்கிறது. பாதியில் நின்றால் மண் இறுகிவிட்டது, எவ்வளவு உரம் போட்டாலும் வேர் கீழே போகாது. பெர்முடா புல்லை 25 முதல் 30 மில்லிமீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும். ஒரே வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் புல் மஞ்சளடிக்கும். ஆட்டத்துக்கு முந்தின நாள் மொத்தமாக ஒட்ட வெட்டுவதுதான் நம்ம பக்கம் அடிக்கடி நடக்கிற தப்பு.

தண்ணீர் இறங்கும் வேகத்தை அளக்கும் முறைக்காகத் தனியாக ஒரு நன்றி. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் ஒரு வளையம் அறுத்து, பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் அடித்து இறக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த முதல் தண்ணீரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது முழுக்க இறங்கிய பிறகு இரண்டாம் முறை ஊற்றி, அரை மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று பார்த்து இரண்டால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு வரும். வளையத்தைச் சுற்றி இன்னொரு பெரிய வளையம் அடித்து அதிலும் தண்ணீர் நிறுத்தினால், பக்கவாட்டில் கசிவது கணக்கைக் கெடுக்காது. கொங்கு நாட்டில் இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் கரிசல் மண். காய்ந்த கரிசலில் வெடிப்பு வழியாகத் தண்ணீர் மடமடவென்று இறங்கும். பார்ப்பவருக்கு வடிகால் பிரமாதம் என்று தோன்றும். நனைந்ததும் மண் ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு பெய்யும் மழைதான் மைதானத்தைக் குளமாக்கும். ஆகவே கோடையில் எடுத்த அளவை வைத்து ஐப்பசி மழைக்குத் தைரியம் சொல்லக் கூடாது.

பரிகாரத்தையும் கணக்கோடு சொன்னார்கள். உள்கூடான ஊசிகளால் மண்ணைத் துளைத்துக் கட்டியை வெளியே எடுத்துவிட்டு, கழுவிய மணலை மேலே பரப்பி இழுக்க வேண்டும். மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஆக 7,140 சதுர மீட்டர். மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மணல் போட்டால் 21 கன மீட்டருக்குக் கொஞ்சம் கூட. லாரிக்காரர் கணக்கில் ஏழரை யூனிட். கழுவாத எம்-சாண்டில் இருக்கும் பொடி துளைகளை அடைத்துவிடும். மணல் போட்டும் தண்ணீர் நிற்கிறதே என்று அப்புறம் தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

அடுத்து, டேப் பிடித்து நின்ற உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் நில அளவை தெரிந்த நண்பருக்கும். ஓடுதளம் இருக்கும் ஸ்டேடியங்களில் கார்னர் எவ்வளவு நெருக்கடியான இடம் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டியது நீங்கள்தான். தரநிலை 400 மீட்டர் ஓடுதளத்தில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். 105 மீட்டர் மைதானத்தை அதற்குள் வைத்தால் இரண்டு முனையிலும் பத்து மீட்டருக்கு மேல் வளைவுக்குள் நுழைந்துவிடும். கார்னர் கொடிக்கும் ஓடுதளத்தின் உள்விளிம்புக்கும் நடுவில் மிஞ்சுவது ஒரு மீட்டர்கூட இல்லை. வேகமாக ஓடிவரும் விங்கர் (ஓரத்தில் ஆடும் முன்வரிசை வீரர்) பந்தை கிராஸ் செய்துவிட்டுக் கால் வைக்கும் இடம் அதுதான். விளிம்புக் கட்டையைக் கழற்றிவைத்து, வளைவின் மேல் செயற்கைப் புல் விரிப்பைப் போட்டு, விளிம்பு தட்டாதபடி ஒட்ட வேண்டும். பெயரளவுக்கு விரித்துவிட்டால் சுருண்ட விளிம்பே காலை வாரிவிடும். மைதானத்தைச் சிறியதாக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டது நியாயமான கேள்வி. சர்வதேச ஆட்டத்துக்கு விதிப்படி நீளம் 100 முதல் 110 மீட்டர், அகலம் 64 முதல் 75 மீட்டர் இருக்கலாம். ஆனால் பெரிய போட்டிகளில் 105-க்கு 68 என்றுதான் கேட்கிறார்கள்.

மின்சார வேலை பார்க்கும் அண்ணன்களே, ஃபிளட்லைட் விஷயத்தில் நீங்கள் சொன்னது பாதிப் பேருக்குப் புதுசு. ஒளிபரப்புள்ள சர்வதேச ஆட்டத்துக்கு மைதானத்தில் விழும் வெளிச்சம் 1,000 லக்ஸுக்கு மேல் வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். சராசரி மட்டும் போதாது, மிகக் குறைந்த இடத்தின் அளவைச் சராசரியால் வகுத்துச் சமச்சீரையும் பார்க்க வேண்டும் என்பதை நீங்கள்தான் விளக்கினீர்கள். பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நீளவாக்கில் 11, அகலவாக்கில் 7, மொத்தம் 77 இடத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் லக்ஸ் மீட்டரைப் பிடிக்க வேண்டும். மீட்டரைப் பிடிப்பவரின் நிழல் அதன்மேல் விழக் கூடாது. கேமரா இருக்கும் திசையை நோக்கி நிமிர்த்திப் பிடித்தும் ஒரு தடவை எடுக்க வேண்டும். பழைய மெட்டல் ஹாலைடு விளக்காக இருந்தால் போட்டவுடன் அளக்காமல் இருபது நிமிஷமாவது பொறுக்க வேண்டும்.

அந்த விளக்குகளின் பெரிய சிக்கலும் அதுவேதான். ஒரு நொடி கரண்ட் போனாலும் சூடு தணிந்து மறுபடி எரியப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். ஜெனரேட்டர் தயாராக நிற்கிறது என்பது இங்கே உதவாது. ஆட்டம் முடியும்வரை ஜெனரேட்டரிலேயே ஓட்டி, ஈ.பி. லைனை மாற்றாக வைப்பது நல்லது. விளக்குக் கம்பங்களை இரண்டு ஜெனரேட்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒன்று நின்றாலும் மைதானம் முழுதும் இருளாது. எல்.ஈ.டி.க்கு மாறினால் இந்தக் காத்திருப்பே கிடையாது. செலவை வைத்துத் தயங்குகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டிய காரணம் இதுதான், மின்கட்டணச் சேமிப்பு அப்புறம்.

கூட்டம் வருமா என்ற சந்தேகம் எங்களுக்கு இல்லை. இந்தியக் கிளப்புகள் ஆடும் ஐ-லீக் தொடரை 2018-19-ல், ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து, சென்னை சிட்டி அணி இந்த மண்ணில்தான் வென்றது. 2019 மார்ச் 9-ல் நடந்த கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டபோது கேலரி அடங்கியதையும், பெனால்டியில் பெட்ரோ மான்சி சமன் செய்ததையும், டிஃபண்டர் கௌரவ் போரா இரண்டு கோல் போட்டு 3-1 ஆக்கியதையும் பார்த்த ஊர் இது. 1978 ஃபெடரேஷன் கோப்பை கோவையில் நடந்ததையும், ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டதையும் எடுத்துச் சொன்ன பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம்.

வருகிற கூட்டம் பத்திரமாக வெளியே போக முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்டு, பதிலையும் கணக்காகக் கொடுத்த கட்டடப் பொறியாளர் அக்காவுக்குக் கைகூப்பி நன்றி. படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்துக்கு 66 பேர், சமதளத்தில் 82 பேர் என்பது ஸ்டேடியப் பாதுகாப்பில் உலகம் முழுக்கக் கையாளும் கணக்கு. எட்டு நிமிஷத்துக்குள் கேலரி காலியாக வேண்டும். 1.2 மீட்டர் அகலப் படிக்கட்டு ஒன்றில் அந்த எட்டு நிமிஷத்தில் இறங்க முடிவது சுமார் 630 பேர். பத்தாயிரம் பேருக்கு அப்படிப் பதினாறு படிக்கட்டு வேண்டும், பதினாறும் திறந்திருக்க வேண்டும். டிக்கெட் பார்க்க வசதி என்று நாலு கேட்டைப் பூட்டிவிட்டால், உட்கார இடம் இருந்தாலும் அத்தனை பேரை உள்ளே விடக் கூடாது. 2017 பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின்போது கொச்சி ஸ்டேடியத்தில் பாதுகாப்புக் காரணமாகப் பார்வையாளர் எண்ணிக்கையை 29,000 அளவுக்குக் குறைத்ததை நினைவுபடுத்தினீர்கள். எத்தனை ஆயிரம் பேர் கொள்ளும் என்று பெருமை பேசுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

எந்த மாதம் என்பதற்கு வழி காட்டியவர்கள் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகள். ஆண்கள் சர்வதேச ஆட்டங்களுக்கு மார்ச், ஜூன், நவம்பர் மாதங்களில் இடைவெளி உண்டு. செப்டம்பர், அக்டோபர் இரண்டும் 2026 முதல் ஒரே நீண்ட இடைவெளியாகிவிட்டன. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாயங்காலம் பந்தை இழுத்துப்போகும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மிஞ்சுவது மார்ச். பகலில் வெயில் காய்ந்தாலும் இரவு ஏழரை மணிக்கு ஆடத் தோதான மாதம். ஜனவரியிலேயே மணல் வேலையை முடித்துவிட்டால் புல் தேறிவரவும் அவகாசம் கிடைக்கும். கோவைக்கு ஆட்டம் கேட்டு நாம் அனுப்பப்போகும் விண்ணப்பத்தில் மார்ச் என்றே எழுதுகிறோம்.

இனி அணியைப் பற்றி வாதாடியவர்களுக்கு. சூடாகத்தான் பேசினீர்கள், ஆனால் ஆதாரத்தோடு பேசினீர்கள். 2027 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் ஐந்து ஆட்டங்களில் இந்தியா போட்டது இரண்டே கோல்: சிங்கப்பூரில் ரஹீம் அலி, கோவாவின் மட்காவில் சாங்தே. ஹாங்காங்கிடம் 0-1, மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2, டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. 2024 ஜூன் 6-ல் விடைபெற்ற சுனில் சேத்ரியை நாற்பது வயதில் 2025 மார்ச்சில் திரும்ப அழைக்க வேண்டிவந்ததைக் காட்டி, நம்மிடம் கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர் இல்லை என்றது ஈரோட்டுத் தரப்பு. கிளப்புகள் நடு முன்வரிசையில் வெளிநாட்டு வீரர்களையே நிறுத்தினால் நம் பையன் விங்கில்தானே வளர்வான் என்ற அவர்கள் வாதம் வலுவானது. ஸ்டிமாச், மார்க்கேஸ், காலித் ஜமீல் என்று பதினைந்து மாதத்துக்குள் மூன்று பயிற்சியாளர்கள் மாறினால் எந்த ஆட்டமுறை ஊன்றும் என்று திருப்பூர்க்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதே ஜமீல் வந்த வேகத்தில் ஓமனை பெனால்டியில் வென்று மத்திய ஆசியக் கோப்பையில் மூன்றாம் இடம் வாங்கித் தந்ததையும் எடுத்துவைத்தார்கள். எங்கள் மனசுக்குச் சரியாகப் பட்டது, இரண்டுக்கும் நடுவில் ஒரு தம்பி சொன்னது: இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) 2025-26 சீசன் வழக்கம்போல் செப்டம்பரில் தொடங்காமல் தள்ளிப்போனது. வாரம் ஒரு ஆட்டம் ஆடாத காலுக்குக் கடைசி இருபது நிமிஷத்தில் தெம்பு எங்கிருந்து வரும்?

வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினரை அணியில் சேர்க்கலாமே என்ற பேச்சில், சட்டத்தைத் தெளிவாக்கிய வழக்கறிஞர் தங்கைக்கும் நன்றி. நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லை. இந்திய பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்கு ஆட முடியாது. முன்வரிசை வீரர் ரையன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டுத்தான் 2025-ல் வந்தார்.

மூணு மணி நேரம் ஆண்கள் அணியையே பேசினால் எப்படி என்று எழுந்து நின்ற கல்லூரி மாணவிகளுக்குத்தான் அன்று பெரிய கைதட்டல். 2025 ஜூலை 5-ல் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வீழ்த்தி, தகுதிச் சுற்றில் ஆடியே ஆசியக் கோப்பைக்குப் போனது நம் பெண்கள் அணி. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டது. கோவைக்கு முதலில் பெண்கள் அணியின் ஆட்டத்தைக் கேட்க வேண்டும் என்ற உங்கள் தீர்மானத்தை விண்ணப்பத்தின் முதல் கோரிக்கையாக வைத்திருக்கிறோம்.

திருப்பூர் பிரிண்டிங் பட்டறை நண்பர்கள் ஜெர்சித் துணியும் பேனரும் கொடுத்ததோடு, சப்ளிமேஷன் பிரிண்ட் பாலியஸ்டரில்தான் பிடிக்கும், 200 டிகிரியில் 45 முதல் 60 நொடி, காகிதம் இம்மி நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாக விழும் என்று இளைஞர்களுக்குக் கற்றும் கொடுத்தார்கள். தேசியக் கொடியில் ஊர்ப் பெயர் எழுதிக் கொண்டுவருவது சட்டப்படி தவறு என்பதைப் பக்குவமாகச் சொல்லி, எழுதத் தனி நீலத் துணியும் தந்தார்கள். ஜமாப் மேளம் அடித்த தம்பிகளுக்கும், 25 கிலோ அரிசிக்கு 8 கிலோ துவரம்பருப்புப் போட்டு அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, கடைசிப் பந்திவரை இறுகாமல் பார்த்துக்கொண்ட சமையல்கார அம்மாக்களுக்கும், மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்தவருக்கும் மனமார்ந்த நன்றி.

விண்ணப்பம் எழுதி முடியும் நிலையில் இருக்கிறது. தண்ணீர் இறங்கும் அளவை ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் மறுபடி எடுக்க வேண்டும். இரும்பு வளையங்கள் இரண்டு செட் தயாராக இருக்கின்றன. இன்னும் ஒரு லக்ஸ் மீட்டர் கிடைத்தால் 77 புள்ளிகளையும் ஒரே இரவில் முடித்துவிடலாம். வைத்திருப்பவர்கள் இரவலாகக் கொடுத்து உதவுங்க.

அன்புடன்,
கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரக் கால்பந்து ரசிகர்கள்