ஆண்டறிக்கை: கோடை மழைக் காலத்தில் விரால் தூண்டில்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாரூர், ஓசூர், தருமபுரி பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தூண்டில் மீன்பிடிச் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். சேர்க்கை, சந்தா, கூட்ட வருகை மூன்றும் பதிவேட்டில் உள்ளன. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை மாசிக் கடைசி முதல் வைகாசி வரையான பருவத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். உறுப்பினர்கள் குறிப்பேட்டில் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் அந்தக் காலத்தைப் பற்றியவை. காலையில் சுள்ளென்று வெயில், மத்தியானம் புழுக்கம், சாயங்காலம் இடி. அப்படிப்பட்ட நாளில் எந்தக் கரையில், எந்த நேரத்தில் தூண்டில் வீசுவது என்பதுதான் அத்தனை பேருடைய கேள்வியும்.

நம்மில் பலர் லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) வீசக் கற்றது அமெரிக்க பாஸ் மீன் காணொளிகளைப் பார்த்து. தவளை லூர், சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னர்பெய்ட், இழைகளைப் பின்னிய பிரெய்டு நரம்பு எல்லாம் விராலுக்கு அருமையாகப் பொருந்துகின்றன. அவர்களுடைய பருவக் கணக்குதான் நமக்குப் பொருந்தாது. அங்கே ஏரி குளிர்காலத்திலிருந்து மெல்லச் சூடேறும். தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டி 20ஐ நெருங்கும்போது பெருவாய் பாஸ், ஆழம் குறைந்த கரைக்கு வந்து தரையைக் கிளறிக் குழியாக்கி முட்டையிடும். இடையில் ஒரு குளிர்காற்று அடித்தால் ஆழத்துக்குத் திரும்பிவிடும். அதனால் வெயில் ஏறிய பிற்பகல் அவர்களுக்கு நல்ல நேரம். இங்கே பங்குனி, சித்திரையில் மேல்தண்ணீர் பிற்பகலில் 30 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. நம் விராலைக் கரையோரப் புல்லுக்கு வரவைப்பது தண்ணீர் சூடேறுவதல்ல, குளிர்வதும் மட்டம் உயர்வதும்தான். காணொளியில் சொன்னபடி உச்சி வெயிலில் கரையோரம் வீசிக்கொண்டிருப்பவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்கு இதுவே காரணம்.

மழைக்கு முந்தைய புழுக்கத்தில் மீன் நன்றாகக் கடிக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். குறிப்பேடுகளும் அப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் காற்றழுத்தம் இறங்குவதை மீன் உணர்வதால்தான் கடிக்கிறது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் என்பது ஏறக்குறைய 1 செ.மீ. தண்ணீருக்குச் சமம். இடிமழைக்கு முன் அழுத்தம் 3, 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கினாலும் மீனுக்கு அது 3, 4 செ.மீ. மேலே நீந்திய அளவுதான். மூச்சு வாங்க மேலே வந்து போகும் விரால், அதைவிடப் பெரிய மாற்றத்தை நாள் முழுக்கச் சந்திக்கிறது. மேகம் கட்டி வெளிச்சம் குறைவதும், காற்றில் தண்ணீர் அலையாடி நம் நிழல் மறைவதும்தான் உண்மையான காரணமாக எனக்குப் படுகிறது. கைப்பேசியில் அழுத்தமானி பார்ப்பதைவிட, மேற்கே கருமேகம் எழும்பி வெயில் மங்கியதும் வீச ஆரம்பிப்பது மேல். முதல் இடி கேட்டதும் சுருட்டிவிட வேண்டும். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

மழை பெய்தபின் நடப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் கனமழை விட்ட மறுநாள் காலையில், ஓடை விழும் முகத்தில் தண்ணீர் செம்மண் கலங்கலாக இருக்கும். உள்ளங்கையைத் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் பிடித்துப் பாருங்கள். விரல்கள் தெரியாவிட்டால் அங்கே லூர் வீசிப் பயனில்லை. கலங்கலும் தெளிவும் சேரும் கோட்டுக்கு நகருங்கள். கலங்கலோடு வரும் புழு பூச்சிக்காகச் சிறுமீன் அந்தக் கோட்டில் கூடும். விரால் தெளிந்த பக்கத்தில் காத்திருக்கும். இரண்டு மூன்று நாளில் வண்டல் படிந்து, புதுத் தண்ணீர் கோரைக்கும் அருகம்புல்லுக்கும் மேல் முழங்கால் அளவு நிற்கும்போதுதான் தவளை லூருக்குச் சிறந்த வேளை. பாரூர் பெரிய ஏரி போன்ற இடங்களில் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும். அந்த ஏரிக்குத் தென்பெண்ணையின் நெடுங்கல் தடுப்பணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் வருகிறது. நம் ஊரில் மழை பெய்ததா என்பதோடு, கால்வாயில் தண்ணீர் ஓடுகிறதா என்றும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கோடை மழையில் ஒரு ஆபத்தும் உண்டு. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரை அளவுக்கு இறங்கிவிடும். நம் மேட்டுநிலத்தில் இன்னும் சற்றுக் குறைவு. வெயில் நாட்களில் மேலே சூடான அடுக்கும், அடியில் ஆக்சிஜன் அற்ற சேற்று அடுக்கும் பிரிந்து கிடக்கும். திடீர்க் காற்றும் குளிர்ந்த மழையும் இரண்டையும் ஒரே இரவில் கலக்கிவிடும்போது, மறுநாள் விடியலில் கட்லாவும் ரோகுவும் வாய் பிளந்து மேலே மிதக்கும். அப்போது கெண்டைக்குத் தூண்டில் போடக்கூடாது என்பது சென்ற கூட்டத்தின் முடிவு. தவித்துக்கொண்டிருக்கும் மீனை இழுத்து விளையாட்டுக் காட்டினால், திருப்பி விட்டாலும் பிழைக்காது. உடனே குத்தகைதாரருக்குத் தகவல் சொல்லுங்கள். காற்றூட்டும் கருவியோ புதுத் தண்ணீரோ ஏற்பாடு செய்ய அவருக்குச் சில மணி நேரமே இருக்கிறது.

விரால் இதில் தப்பிவிடும். அதற்கு மேல்காற்று மூச்சு. தலைக்குள் செவுளுக்கு மேலே இருக்கும் அறையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து 'ப்ளக்' என்று ஒரு மிடறு வாங்கிப் போகும். நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான அடையாளம் அதுதான். அந்த இடத்தின் தலைமேலேயே லூரைப் போட்டால் மிரண்டு ஓடிவிடும். ஒன்று, ஒன்றரை மீட்டர் தாண்டிப் போட்டு அந்த வழியாக இழுத்து வர வேண்டும். இன்னொன்று: பிடித்த விராலை வலைப்பையில் போட்டுத் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கடித்து வைக்காதீர்கள். மேலே வந்து மூச்சு வாங்க வழியில்லாமல், தண்ணீருக்குள்ளேயே திணறிச் செத்துவிடும். பையின் மேல்பாதி வெளியே இருக்கட்டும்.

கருவிகளைப் பற்றிய பயிற்சி வகுப்பில் சொன்னவற்றைப் புதியவர்களுக்காகப் பதிவு செய்கிறேன். ஆறரை முதல் 7 அடி மீடியம் ஹெவி (நடுத்தரத்தைவிடச் சற்று விறைப்பான) ராடு, அதாவது தூண்டில் கோல். 30 முதல் 50 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு. ரீலின் ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளை) முதலில் பத்துச் சுற்று சாதாரண நைலான் நரம்பைச் சுற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள். நேராகச் சுற்றினால் பெரிய மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் ஸ்பூலில் வழுக்கும். டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்) கெட்டுவிட்டது என்று ரீலைக் கழற்றுகிறவர்கள் முதலில் இதைச் சோதிக்க வேண்டும். ஸ்பின்னிங் ரீலில் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். விளிம்புவரை நிரப்பினால், காற்றடிக்கும் நாளில் வளையம் வளையமாகக் கழன்று சிக்காகிவிடும். வீசியதும் பெயில் கம்பியை (நரம்பை ஸ்பூலுக்குக் கொண்டுவரும் வளைகம்பி) கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்கினால் பாதிச் சிக்கு வராது. லூர் கட்டப் பாலோமர் முடிச்சு போதும். இறுக்கும் முன் எச்சிலால் நனைத்து, வால் 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். 30 பவுண்டு நரம்புக்கு டிராக்கை நான்கு கிலோ அளவில், தொங்குதராசு மாட்டி இழுத்துப் பார்த்து வையுங்கள். விரல் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

தவளை லூர் 10 முதல் 15 கிராம் எடையில் இருந்தால் நம் காற்றுக்குச் சரி. அதன் இரட்டை முள் உடம்போடு ஒட்டிக் கிடப்பதால்தான் ஆகாயத் தாமரையிலும் அல்லி இலையிலும் சிக்காமல் வருகிறது. ஆனால் புதிதாக வாங்கிய பலவற்றில் முள் அளவுக்கு மீறி ஒட்டியிருக்கும். விரால் பாய்ந்து கவ்வும், முள் மாட்டாது. குறட்டால் இரண்டு முள்ளையும் ஒன்றிரண்டு மி.மீ. வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள். அதற்கு மேல் விரித்தால் ஒவ்வொரு இலையும் மாட்டும். முள் புகும் துளை வழியே உள்ளே தண்ணீர் ஏறும். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை பிதுக்கி வெளியேற்றாவிட்டால் தவளை பின்பக்கம் தாழ்ந்து மூழ்கி ஓடும்.

கடி விழுந்ததும் உடனே ராடைச் சுண்டி வெட்டி இழுப்பதுதான் நம்மிடம் அதிகம் நடக்கும் தவறு. விரால் முதலில் அடித்து மூடுகிறது, பிறகுதான் வாய்க்குள் திருப்புகிறது. தண்ணீர் தெறித்ததும் ராடு நுனியை லூர் பக்கம் தாழ்த்தி, தளர்ச்சியைச் சுற்றி எடுங்கள். கனம் கையில் தெரிந்தபின் பலமாக மேலே வெட்டுங்கள். கனம் தெரியாவிட்டால் வெட்டவே வேண்டாம், லூரை அங்கேயே லேசாக அசையுங்கள். பெரும்பாலும் இரண்டாம் முறை வரும். மாட்டிய பிறகு விளையாட்டு வேண்டாம். தலையைத் திருப்பவிடாமல் ஒரே மூச்சில் கொண்டுவர வேண்டும். கோரைத் தண்டையோ மூழ்கிய சீமைக் கருவேல முள்ளையோ ஒருமுறை சுற்றிவிட்டால் மீன் போனது போனதுதான்.

காற்றடிக்கும் நாளில் ஆகாயத் தாமரைக் கூட்டமே கரை மாறும். காலையில் திறந்திருந்த இடம் சாயங்காலம் மூடியிருக்கும். அவதானப்பட்டி போன்ற சிறிய ஏரிகளில், மிதக்கும் செடிகள் ஒதுங்கிய கரையின் ஓரத்தை முதலில் பாருங்கள். செடியின் நிழலும் அதற்குள் ஒளியும் சிறுமீனும் அங்கேதான். காற்று முகத்துக்கு எதிரே அடித்தால் தவளையைப் பெட்டியில் வைத்துவிட்டு, காற்றைக் கிழித்துப் போகும் 12, 14 கிராம் ஸ்பூனுக்கு (கரண்டி வடிவத் தகடு லூர்) மாறுங்கள்.

இனி குஞ்சு காக்கும் விரால். மழை விழுந்தபின் கரையோரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் ஒன்றாக மேலே வந்து மூச்சு வாங்கித் தாழ்வதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். குஞ்சுக்கு மேல் எதை வீசினாலும் பெற்றவை பாய்ந்து அடிக்கும், பசியால் அல்ல. அந்தக் கடியைத் திறமையாக எண்ணிப் படம் எடுத்துப் போடுவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். காவல் போன அன்றே ஜிலேபியும் கெளுத்தியும் அந்தக் குஞ்சுகளை அள்ளித் தின்றுவிடும். குஞ்சுக் கூட்டம் தெரிந்த இடத்திலிருந்து ஐம்பது அடி விலகி வீச வேண்டும் என்றும், ஒரு அடிக்குக் குறைந்த விராலைத் திருப்பி விட வேண்டும் என்றும் இரண்டு தீர்மானங்களைச் செயற்குழு முன்வைக்கிறது. இரண்டுக்கும் உங்கள் கைதூக்கல் வேண்டும்.

ஜிலேபிக்கு அளவு வரம்பு கிடையாது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது, நம் ஏரிகளில் அதற்குக் குறைவே இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரில் விடாதீர்கள். அதை வளர்ப்பதற்கு 2000ஆம் ஆண்டு முதலே தடை இருக்கிறது.

மின்னலைப் பற்றிச் செயலாளர் என்ற முறையில் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் பிடித்திருக்கும் ராடு கார்பன், மின்சாரம் கடத்தும். வெட்டவெளிக் கரையில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பவரே அங்கே உயரமான பொருள். மின்னல் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டால் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ராடைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை கரைக்கு வராதீர்கள். தனிப் புளியமரம், பனைமரம், சுவரில்லாத தகரக் கொட்டகை எதுவும் பாதுகாப்பு அல்ல. கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார். பரிசலில் இருப்பவர்கள் இடி கேட்கும் முன்பே, மேற்கில் மேகம் எழும்பும்போதே கரை சேர வேண்டும். புயல்காற்று முதலில் வரும், மழை பிறகு. பரிசல் கவிழ்வது அந்தக் காற்றில்தான். உயிர்காப்பு உடை இல்லாதவரைப் பரிசலில் ஏற்றக்கூடாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தயாரித்த தாமினி செயலி, சுற்றுவட்டார மின்னலை எச்சரிக்கிறது. எல்லோரும் இறக்கிக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி அணையின் கீழே ஆற்றுப் படுகையில் நின்று பிடிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் தோன்றிக் கெலவரப்பள்ளி அணை வழியாக வருகிறது. இங்கே ஒரு துளி விழாத நாளிலும் பெங்களூர் பக்கத்து மழையால் நீர்வரத்து கூடி மதகைத் திறக்கலாம். அறிவிப்பு வந்தால் விவாதிக்காமல் மேடேறுங்கள். அணைச் சுவர், மதகு அருகில் தூண்டில் போடுவது எந்தப் பருவத்திலும் நம் விதிப்படி கூடாது.

ஏரிகளில் மீன்பாசி குத்தகை எடுத்தவரின் அனுமதி இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். குஞ்சு வாங்கிவிட்டு, தீனி போட்டு, காவல் காத்தவர் அவர். "அண்ணே, இன்னைக்கு வீசலாங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கினால் பெரும்பாலும் மறுப்பதில்லை. பிடித்த மீனைக் காட்டிவிட்டு, கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் வலை கட்டியிருக்கும் வரிசையின் குறுக்கே லூர் வீசாதீர்கள்.

வெட்டிய நரம்புத் துண்டுகளைச் சேர்க்கும் பாட்டில் திட்டம் தொடரும். பிரெய்டு மக்காது, கொக்கின் காலிலும் நீர்க்காகத்தின் இறக்கையிலும் சுற்றிக்கொள்கிறது. மூடியில் துளை போட்ட காலி பாட்டிலை ராடு பையிலேயே கட்டி வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பியதும் பொருளாளரிடம் கொடுக்கலாம்.

வரும் ஆண்டில் குறிப்பேட்டில் நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு சாண் ஆழத்துத் தண்ணீரின் வெப்பம், கை தெரியும் ஆழம், காற்றின் திசை, கடைசி மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று. வெப்பமானியைச் சங்கமே வாங்கித் தரச் செயற்குழு இசைந்துள்ளது. தும்பலஹள்ளி, நாகாவதி, பஞ்சப்பள்ளி பக்கத்து உறுப்பினர்களின் குறிப்புகள் மிகக் குறைவாக உள்ளன. தருமபுரிக் கிளை இதைப் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும்.

மேற்கண்ட இரண்டு தீர்மானங்களையும், கணக்கறிக்கையையும் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்